மாமனாருக்கு எதற்கு ஊசி?

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. சர்க்கரை இருக்கிறது. இன்னமும் தினமும் வயலுக்குப் போகிறார். நிமோனியா ஊசியும் ஃப்ளூ ஊசியும் போடச் சொல்கிறார் டாக்டர். “நான் என்ன பச்சைப் பிள்ளையா?” என்று மறுக்கிறார். காலில் முள் ஏறினால்கூட டிடி போட வருவதில்லை. எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: நிமோனியா இருக்கட்டும் சகோதரி, முதலில் அந்த முள்ளைப் பார்ப்போம்.

உங்கள் மாமியார் கர்ப்பமாக இருந்தபோது நர்ஸம்மா தேடிவந்து டிடி போட்டிருப்பார். தாய்க்கும் பச்சிளம் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னியை (டெட்டனஸ்) இந்தியா 2015-இல் ஒழித்ததில் அந்த ஊசிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஆண்களைத் தேடி யார் வந்தார்கள்? நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1985-இல் விரிவானபோது உங்கள் மாமனார் கல்யாண வயதைத் தாண்டியிருப்பார். அவர் உடம்பில் ஒரு டோஸ்கூட ஏறாமல் இருக்கலாம்.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஜன்னி வரும் என்பது நம் ஊர் நம்பிக்கை. துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. அதாவது அவர் தினமும் மிதிக்கிற இடத்தில். இது ஆளுக்கு ஆள் தொற்றுகிற நோயும் அல்ல. ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாதவருக்குப் பாதுகாப்பு இல்லை. முன்பு போட்டதாக நினைவோ சீட்டோ இல்லையென்றால் மூன்று டோஸ்: முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அப்புறம் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மூன்றாவது. அதன் பிறகு பத்து ஆண்டுக்கு ஒன்று. ஆழமான, அழுக்குக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தாலே மறுபடி போட வேண்டும். இப்போது வரும் டிடியில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. தமிழில் எழுதினால் பழையதும் (TT) டிடி, புதியதும் (Td) டிடி, குழம்ப வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சரி, டாக்டர் சொன்னவற்றுக்கு வருவோம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃப்ளூவும் நிமோனியாவும் வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்கு முற்றும் வாய்ப்பு அதிகம். ஃப்ளூ கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஊசி வருடா வருடம். நம் பக்கம் ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. அதைப் போட்டால் சளியே பிடிக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிடிக்கும். நிமோனியா ஊசி வருடாவருடம் கிடையாது. வகையைப் பொறுத்து ஒன்றோடு முடியலாம், அல்லது பின்னால் இன்னொன்று தேவைப்படலாம். சில ஆயிரம் ரூபாய் ஆகும், மறுப்பதற்கில்லை. ஒரு வாரம் அட்மிட் ஆனால் என்ன செலவாகும் என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அக்கிக்கும் ஊசி வந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு டோஸ். விலை கையைக் கடிக்கும். ஆனால் அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரியும் வலியைப் பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். மண் குழைத்து அக்கி எழுதினால் அந்த எரிச்சல் போகாது.

போட்ட தேதிகளை அவருடைய சர்க்கரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். குழந்தைக்கு அட்டை உண்டு, நமக்கு இல்லை. நான் கடைசியாக டிடி போட்டது எப்போது என்று கேட்டால் நானே முழிப்பேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். போட்ட இடம் ஓரிரு நாள் வலிக்கும், லேசாகக் காய்ச்சலும் அடிக்கலாம். இதை அவரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் இரண்டாவது டோஸுக்கு வரவே மாட்டார்.