வளவு பிரிக்கும் முன் கேளுங்கள்: காணி, ஒழுங்கை, அனுமதி

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர உள்ளூராட்சிச் சபைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். திட்டமிடல் குழுக் கூட்டங்களில் இருந்து, காணி பிரிக்கும் விண்ணப்பங்களுக்காகக் களத்துக்குப் போய் அளந்து பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். உறுதி (காணிப் பத்திரம்) பற்றிய வழக்கு, பரம்பரைச் சண்டை ஆகியவற்றுக்குச் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும். கேட்கும் முன் பிளானைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஆரையம்பதி: ஐயா, அப்பாவின் வளவு 24 பேர்ச். நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள். சேவேயர் வந்து ஆளுக்கு 8 பேர்ச்சாகப் பிரித்து பிளான் தந்துவிட்டார். இனி உறுதி எழுதலாம்தானே?

இன்னும் இல்லை மகள். சேவேயரின் பிளான் காணி எங்கே, எவ்வளவு என்பதைச் சொல்லும். அப்படிப் பிரிக்கலாம் என்று சொல்வது சபை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரகடனப்படுத்திய பகுதி என்றால், காணியைப் பிரிப்பதும் அபிவிருத்தி வேலைதான். பிள்ளைகளுக்கு நன்கொடையாக எழுதினாலும் காணி பிரிகிறது. அனுமதி இல்லாமல் உறுதியை எழுதி வைத்துவிட்டு, நாளைக்கு வீடு கட்டப் படம் கொண்டு போனால் அங்கே நிறுத்துவார்கள். வங்கிக் கடனும் அங்கேதான் தடைப்படும்.

அந்த 8, 8, 8 கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. உங்கள் வளவு வீதிப் பக்கம் 54 அடி, உள்ளே 121 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாக 24 பேர்ச் வரும். முன்பக்கத்தால் நீளவாக்கில் மூன்றாக்கினால் ஆளுக்கு 18 அடி அகலம். 1986ஆம் ஆண்டு விதிகளிலிருந்தே பழகிவந்த குறைந்தபட்ச அகலம் 6 மீற்றர், அதாவது கிட்டத்தட்ட 20 அடி. ஆகவே அது சரிவராது. குறுக்காகப் பிரித்தால் பின்னால் இருக்கும் இரண்டு பேருக்கும் வழி வேண்டும். ஒரு கரையில் 10 அடி ஒழுங்கை விட்டு, அது பின்வளவின் எல்லை வரை 87 அடி போனால், அதற்கே 3 பேர்ச்சுக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது ஆளுக்கு ஏறக்குறைய 7 பேர்ச். குறைந்தபட்சமான 150 சதுர மீற்றருக்கு, அதாவது சுமார் 6 பேர்ச்சுக்கு, மேலே இருப்பதால் இது நடக்கும். உங்கள் பகுதிக்கான அபிவிருத்தித் திட்டம் வேறு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான் செல்லும், அதைச் சபையில் கேளுங்கள்.

10 அடிக்குக் குறைத்து யோசிக்கவே வேண்டாம். முடிந்தால் 12 அடி விடச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். நம் பக்கத்தில் வீடு மகளுக்குப் போவதுதான் வழக்கம். மகளுக்கு மகள் வருவாள், அவளுக்கும் அதே வளவுக்குள் ஒரு வீடு தேவைப்படும். ஒருவர் ஒரு அடி உள்ளே மதில் கட்ட, மற்றவர் கேற்றை வெளிப்பக்கம் திறக்க, நடுவில் மின்கம்பம் நிற்க, மலக்குழி எடுக்கும் பௌசர் சந்தியிலேயே நிற்கும் ஒழுங்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாமே தகப்பன்மார் பாசத்தோடு பிரித்துக் கொடுத்த வளவுகள்தான்.

ஒழுங்கையையும் பிளானில் தனி லொட்டாக, அதாவது இலக்கமிட்ட தனித் துண்டாக, காட்டச் சொல்லுங்கள். மூன்று உறுதியிலும் அந்த வழியுரிமை எழுத்தில் வர வேண்டும்.

சாய்ந்தமருது: நாலரை பேர்ச் வளவு. இரண்டு பெண் பிள்ளைகள். பாதி பாதியாகக் கொடுக்க முடியுமா?

முடியாது. அது ஏற்கெனவே சிறிய துண்டு, அதை இன்னும் வெட்டாதீர்கள். உங்கள் ஊரில் காணி அகலத்துக்கு இல்லை, மேலேதான் போக வேண்டும். கீழ் வீடு ஒருவருக்கு, மேல் வீடு மற்றவருக்கு என்று தனித்தனி உரித்தோடு கொடுப்பதற்கு 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி ஆதனச் சட்டம் இருக்கிறது. அதற்குக் கட்டிடம் அனுமதிப்படி கட்டியிருக்க வேண்டும், தனிப் படிக்கட்டு வேண்டும், தொடர்மாடிப் பிளான் பதிவாக வேண்டும். கட்டி முடித்த பிறகு யோசித்தால் கஷ்டம். படம் வரையும்போதே படம் வரைபவரிடம் இதைச் சொல்லுங்கள். “மேல்மாடி மூத்த மகளுக்கு” என்று வெறுமனே ஒரு கடதாசியில் எழுதி வைப்பது பிள்ளைகளுக்குள் பகையைத்தான் வளர்க்கும்.

களுவாஞ்சிக்குடி: பக்கத்து வளவுத் தென்னை எங்கள் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது.

மத்தியஸ்த சபை.

வவுணதீவு: அண்ணன், எங்களுடையது பெர்மிட் காணி, 2 ஏக்கர். நான்கு பிள்ளைகளுக்கும் அரை அரை ஏக்கர் பிரிக்க வேண்டும்.

தம்பி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் அரசு பெர்மிட்டாகத் தந்த காணி சபைக்குரிய விடயம் இல்லை, பிரதேச செயலாளருக்குரியது. பெர்மிட்டிலோ அளிப்பிலோ குறித்த அளவுக்குக் கீழே பிரிக்க முடியாது. அவருடைய முன் அனுமதி இல்லாமல் கைமாற்றவும் முடியாது. வெளியில் “கைக்கடதாசி” எழுதி விற்றவர்களிடம் வாங்கியவர்கள் இன்றைக்கும் செயலக வாசலில் நிற்கிறார்கள். பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பிறகு காணியைப் பெறுபவரை, பெயர் குறித்துப் பதிந்தீர்களா என்பதை முதலில் பாருங்கள். பதியாமல் இறந்தால் மூத்த மகனுக்கு முன்னுரிமை என்றிருந்த பழைய விதியை 2022இல் திருத்திவிட்டார்கள். ஆண் பெண் வேறுபாடு இப்போது இல்லை. மகளுக்கு வீடு கொடுக்கும் நம் ஊர்களுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டிய திருத்தம்.

கல்லடி: சேவேயர் கையெழுத்து வைத்த பிளான் இருக்கிறது. அது காணும்தானே?

காணாது. ஆரையம்பதி மகளுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மயிலம்பாவெளி: சேர், புதிதாகப் பிரித்து விற்கும் இடத்தில் 10 பேர்ச் பார்த்திருக்கிறோம். கிறவல் போட்டு ரோட்டும் போட்டிருக்கிறார்கள். “எல்லாம் மேட்டுக்காணி” என்று தரகர் சொல்கிறார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் வயல். முற்பணம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முதலில் நடந்து பாருங்கள், அதுவும் மாரியில். இப்போது மாரி இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். கிறவலின் ஓரத்தில் மண்வெட்டியால் இரண்டு அடி தோண்டினால், கீழே கறுத்த களி மண்ணும் நெல்தாளின் வேரும் வருகிறதா என்று தெரியும். வந்தால் அது நேற்று வரை வயல்.

அப்புறம் கமநல சேவை நிலையத்துக்குப் போய், அந்தக் காணி நெற்காணி இடாப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது. அந்த அனுமதிக் கடிதத்தின் பிரதியும், சபையின் முத்திரையும் அனுமதி இலக்கமும் உள்ள பிளானும் ஆகிய இரண்டையும் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

செங்கலடி: சேர், நான் காணித் தரகு செய்பவன். நீங்கள் எங்களைக் கள்ளர் மாதிரிச் சொல்கிறீர்கள். சபையில் அனுமதி எடுக்க மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். ஏழைச் சனம் மாதம் மாதம் காசு கட்டி 10 பேர்ச் வாங்குவது எங்களால்தான்.

தம்பி, தாமதம் உண்மை. குழு கூடாமல் கோப்புகள் கிடந்ததை நானும் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதைச் சபை திருத்தத்தான் வேண்டும். ஆனால் தாமதத்தின் விலையை வாங்குபவர் கட்ட வேண்டுமா? நீங்கள் விற்றுவிட்டுப் போய்விடுவீர்கள். மூன்று வருடம் தவணை கட்டியவர் படம் அனுமதிக்க வந்து நிற்கும்போது, “இந்தக் காணி பிரிக்க அனுமதி இல்லை” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

தன்னாமுனை: நான் அந்த வயலுக்குக் கீழ்ப்பக்கம் இருப்பவள். அவர்கள் நிரப்பிய பிறகு எங்கள் வளவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. முந்தி அப்படி நின்றதில்லை.

தங்கச்சி சொல்வதை எல்லோரும் கவனியுங்கள். வயல் என்பது மாரித் தண்ணீர் தங்கி, வடிச்சல் வாய்க்கால் வழியே மெல்ல வாவிக்குப் போகும் இடம். வாவி நிறைந்து, தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டும் வரைக்கும் அந்தத் தண்ணீர் எங்கேயாவது நின்றாக வேண்டும். மூன்றடி நிரப்பினால் நிரப்பியவர் காணி காயும், நீங்கள் நனைவீர்கள். அந்த வடிச்சலை அடைத்திருந்தால் படம் எடுத்து, திகதி போட்டு, கமநல நிலையத்துக்கும் சபைக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒரே கடிதத்தின் பிரதிகளைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

செங்கலடி: நாங்கள் 3 ஏக்கரை ஒரேயடியாகப் பிரித்தால் பத்தில் ஒன்றைப் பூங்காவுக்கு விடு என்கிறார்கள். அந்தக் காசும் ஏழையின் தலையில்தான் விழும். அதனால்தான் இரண்டாகப் பிரித்துக் கொண்டு போகிறோம். அது சட்டத்துக்கு மாறா?

கேட்டது நல்லது, நானே இதற்குத்தான் வர இருந்தேன். பிரிக்கும் காணி 1 ஹெக்டேயரைத் தாண்டினால், அதாவது 2 ஏக்கர் 1 ரூட் 35 பேர்ச்சுக்கு மேலே போனால், வீதிகள் நீங்கலாக 10 வீதத்தைப் பொது வெளிக்கு ஒதுக்க வேண்டும். உங்கள் 3 ஏக்கர் 480 பேர்ச். வீதிக்கு 80 போனால் மிச்சம் 400. அதில் 40ஐ விட்டால் விற்பதற்கு 360. பத்துப் பேர்ச் துண்டு 40க்குப் பதில் 36. அதே மொத்தக் காசை எடுக்க ஒவ்வொரு துண்டின் விலையையும் ஒன்பதில் ஒரு பங்கு கூட்டினால் போதும். அந்த 40 பேர்ச்சில் பிள்ளைகள் பந்தடிப்பார்கள், மாரித் தண்ணீர் இறங்கும், ஒரு முன்பள்ளி கூட வரலாம்.

ஒன்றரை ஏக்கர் அண்ணன் பெயரில் இந்த வருடம், மற்ற ஒன்றரை தம்பி பெயரில் அடுத்த வருடம் என்று பிரித்தால் என்ன நடக்கிறது? இரண்டு பக்கத்து ரோட்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் வேலியில் முட்டி நிற்கும். கானுக்குப் போக்கிடம் இருக்காது. முப்பது நாற்பது குடும்பத்துக்கு விளையாட ஒரு இடம் கிடையாது. குழு அங்கத்தவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தாய்ப் பிளானை, அதாவது பிரிக்கும் முன்னிருந்த முழுக் காணியின் பிளானை, கேளுங்கள் என்பதே. தாய்ப் பிளான் மேசைக்கு வந்தால் இந்த வழி அங்கேயே அடைபடும்.

செங்கலடி: விட்ட நிலத்தைச் சபை என்ன செய்தது? பற்றைதானே மண்டிக் கிடக்கிறது.

பல இடங்களில் அப்படித்தான், மறுக்க மாட்டேன். பற்றையை ஒரு நாளில் வெட்டலாம். வீடு ஏறிய நிலத்தை மீட்க முடியாது.

காரைதீவு: கடலிலிருந்து எத்தனை மீற்றருக்கு அப்பால் வீடு கட்டலாம்? சுனாமிக்குப் பிறகு 200 மீற்றர் என்றார்களே?

2004க்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றர் இடைவெளி அறிவித்தார்கள், பின்னர் தளர்த்திவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையோர வலயம் என்பது உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சபை அனுமதி தனியே போதாது.

நாவற்குடா: 6 பேர்ச்சில் கிணறும் மலக்குழியும் எப்படி வைப்பது? சுகாதாரப் பரிசோதகர் 50 அடி தூரம் கேட்கிறார்.

அவர் கேட்பது சரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நாம் இருப்பது மணலில், மாரியில் நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். உங்கள் குழி உங்கள் கிணற்றிலிருந்து தூரமாக இருந்தால் போதாது, பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளக்க வேண்டும். 6 பேர்ச் துண்டில் பெரும்பாலும் அந்த 50 அடி வராது. உன்னிச்சைத் தண்ணீர் குழாயில் வருகிறதென்றால் குடிக்க அதையே எடுங்கள். குழியை அடிப்பக்கம் பூசி, நீர் கசியாத தொட்டியாகக் கட்டுங்கள். பின்பக்கம் ஏழரை அடி வெளியாக விட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். குசினியை இறக்க வேண்டும் என்று அதைத்தான் முதலில் மூடுகிறார்கள்.

திராய்மடு: சுனாமி வீடு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பிரதேச செயலகத்தில் அந்தக் காணியின் கோப்பைப் பார்த்த பிறகு பேசுவோம்.

ஏறாவூர்: சேவேயர் பிளான்...

முத்திரை இருக்கிறதா? அனுமதி இலக்கம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் சபைக்குப் போங்கள். இதே கேள்வியை இனிமேல் அனுப்ப வேண்டாம்.

அக்கரைப்பற்று: பத்து வருடம் இருந்தால் காணி நமக்குத்தான் என்கிறார்களே?

அரச காணிக்கு அது இல்லை. தனியார் காணிக்கு நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். சட்டத்தரணியைப் பாருங்கள்.

கொக்குவில்: ஐயா, நீங்கள் சொன்னபடி பிளானை எடுத்துப் பார்த்தேன். சபை முத்திரை இருக்கிறது. எனக்கு விற்க வந்திருப்பது லொட் 14. ஆனால் பிளானில் லொட் 14 என்ற இடத்தில் “பொது ஒதுக்கீடு” என்று எழுதியிருக்கிறது. “அது பழைய பிளான், இப்போது மாற்றிவிட்டோம்” என்கிறார்கள்.

மகன், நல்ல வேளை பார்த்தீர்கள். பொது ஒதுக்கீடாக அனுமதித்த லொட்டை அவர்கள் விற்க முடியாது. மாற்றியிருந்தால் மாற்றிய பிளானுக்கும் புது அனுமதி இலக்கம் இருக்கும், அதைக் கேளுங்கள். காட்டாவிட்டால் கையிலிருக்கும் பிளானின் பிரதியோடு சபையின் திட்டமிடல் பகுதிக்குப் போய், அந்த இலக்கத்துக்குரிய கோப்பைப் பார்க்க வேண்டுமென்று எழுத்தில் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது, தர மறுத்தால் அதன் கீழ் விண்ணப்பியுங்கள். காணிப் பதிவகத்தில் அந்த லொட் சபையின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள். அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே காணி வாங்கியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஒதுக்கீடு அவர்களுக்கும் உரியது.