நீங்கள் பிறந்து வளர்ந்த வீடு எப்படி இருந்தது?

சொந்த வீடு இல்லை. திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் அப்பாவுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸ். நான் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது குடிபோனார்களாம்; காலி செய்தபோது எனக்கு இருபத்தொரு வயது. இன்றும் கனவில் வீடு என்று வந்தால் அதுதான் வருகிறது.

கூடம், ஓர் அறை, சமையற்கட்டு, பின்னால் கொல்லை. கழிப்பறை கொல்லைக் கோடியில். இரவில் தனியே போகப் பயந்து அக்காவை எழுப்புவேன். அவள் வெளியே நின்றுகொண்டு, "நான் உள்ளே போகிறேன்" என்று மிரட்டியே மறுநாள் என் பங்குத் தேன்மிட்டாயைப் பேரம் பேசி வாங்கிவிடுவாள்.

மேலே ஓட்டுக் கூரை. கூடத்துக்கு நேர் மேலே ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே வெயில் சிலேட்டு அளவுக்குக் கட்டமாக உள்ளே விழும். காலையில் மேற்குச் சுவரில் பல்லியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்ல இறங்கித் தரைக்கு வந்து, அம்மாவின் தையல் மெஷினைத் தாண்டி ஆட்டுரல் பக்கம் நகரும். மெஷின் காலை அது தொட்டால் அம்மா உலை வைப்பாள். கார்த்திகை, மார்கழியில் கட்டம் இடம் மாறிவிடும். அதற்கும் அவளிடம் கணக்கு இருந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்றும் இருந்தது, அதை யாரும் நம்பியதில்லை.

இன்னொரு கடிகாரம் பணிமனைச் சங்கு. நாகப்பட்டினத்திலிருந்து 1928 வாக்கில் இங்கே வந்த பணிமனை அது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்துகொடுத்ததும் இதுதான். அப்பா அங்கே ஃபிட்டர். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் தெருவெல்லாம் சைக்கிளாக வரும். அத்தனை மணியோசைக்கும் நடுவே, செயின் கவரில் செயின் உரசும் சத்தத்தை வைத்தே அப்பாவின் வண்டியை அம்மா கண்டுபிடித்துத் தட்டை எடுத்து வைப்பாள். மண்ணெண்ணெயில் ஒரு முறை, சோப்புப் போட்டு ஒரு முறை கை கழுவிவிட்டுத்தான் அப்பா உட்காருவார். அப்படியும் அவர் உருட்டித் தரும் சோற்றில் லேசாக கிரீஸ் வாடை இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

செப்டம்பர் 5 அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களையும் சங்கத்திடலுக்கு அழைத்துப் போவார். 1946-இல் இதே நாளில் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோன ஐந்து தொழிலாளர்களுக்கு அஞ்சலி. எனக்கு அப்போது அது பொரிகடலை கிடைக்கும் நாள், அவ்வளவே.

அப்பா ஓய்வு பெற்ற சில மாதங்களில் வீட்டை ஒப்படைத்தோம். ஒருவர் நோட்டோடு வந்து குழாய், பல்பு ஹோல்டர், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் எண்ணி டிக் போட்டார். கண்ணாடி ஓடு அந்தக் கணக்கில் இல்லை. அது அப்பா கைக்காசில் வாங்கி மாட்டியது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நம்முடையதுதானே, கழற்றிக்கொண்டு போகலாமே என்றேன்.

"கழற்றினால் அந்த ஓட்டைக்கு ஓடு எவன் வாங்குவது?" என்றார்.

இப்போது இருப்பது சொந்த வீடு, கான்கிரீட் தளம். கூடத்தில் மட்டும் அம்மா இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறாள்.