டெஸ்க்டாப் கணினியைத் தொடுதிரைக்குப் பதிலாகக் கையசைவால் இயக்குவது நடைமுறைக்கு ஒத்துவருமா?

நீங்கள் நாள் முழுக்க மேசை முன் உட்கார்ந்து எக்செல், மின்னஞ்சல் என்று வேலை செய்பவராக இருந்தால் வேண்டாம், மௌஸே போதும். கை எப்போதும் ஈரமாக இருக்கும் வேலை என்றால் என் பதில் வேறு.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் அம்மாவுக்குப் பூக்கடை. பூமாலைகளின் மாதிரிப் படங்கள், கல்யாண ஆர்டர்கள் எல்லாம் ஒரு டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. "பூக்கடைக்கு எதற்குக் கம்ப்யூட்டர்?" என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். ஒரே முகூர்த்தத்துக்குப் பத்து ஜோடி மாலை ஆர்டர் எடுத்து, எது ரோஜா, எது ஆர்க்கிட் என்று அவர்கள் மனப்பாடமாகச் சொல்லட்டும்.

முதலில் தொடுதிரைதான் வாங்கினேன். அது விரல் படும்போது மின்புலத்தில் வரும் மாற்றத்தை வைத்துத் தொடுவதை அறிகிறது. தண்ணீர்த் துளியும் அதே மாற்றத்தைச் செய்யும். அம்மா ஒரு மாலையைத் தொட்டால் வேறொன்று திறக்கும், வாடிக்கையாளர் முன்னால் அவர் கூசிப்போவார். எனக்கு அது தாங்கவில்லை.

2013இல் லீப் மோஷன் என்ற கையசைவுக் கருவி 80 அமெரிக்க டாலருக்கு விற்பனைக்கு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. 2 கேமராக்களும் 3 அகச்சிவப்பு விளக்குகளும் கொண்டு, தனக்கு மேலே சுமார் 60 செ.மீ. வரை விரல்களைக் கவனிக்கும். அந்த வகைக் கருவி ஒன்றை நானும் வாங்கி வைத்தேன். காலையில் கையை எப்படி ஆட்டினாலும் திரை அசையவில்லை, மாலையில் நன்றாக வேலை செய்தது. இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் புரிந்தது: கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை வழியாகக் காலை வெயில் நேரே மேசையில் விழுகிறது, வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, அது கருவியின் கேமராக்களைக் குழப்பிவிடுகிறது. மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளினேன், சரியாகிவிட்டது.

அப்புறம் தோள் வலி. மௌஸ் பிடிக்கும்போது முழங்கை மேசையில் கிடக்கும், இதில் கை அந்தரத்தில் நிற்கிறது. கிளிக் செய்ய விரலை முன்னால் நீட்டினால் அந்த அசைவிலேயே திரையில் உள்ள அம்புக்குறி விலகிவிடும். அதனால் கிளிக்கையே எடுத்துவிட்டு இரண்டே அசைவு வைத்தேன்: இடப் பக்கம் வீசினால் அடுத்த படம், வலப் பக்கம் வீசினால் முந்தைய படம். ஆர்டரைத் தட்டச்சு செய்வது நான்தான், அதற்குக் கீபோர்டு இருக்கிறது.

"குரலில் சொன்னால் போதாதா?" என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் பாட்டுக்கடை ஒலிபெருக்கிக்கு நடுவே நின்று பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

பிறகு வாடகை. கடை இருக்கும் ஜார்ஜ் டவுன் நகரம் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார், கடைசியில் பாதிக் கடையை விட்டுக்கொடுத்தோம். மேசை மறுபடி வாசலுக்கே வந்தது, காலை வெயிலும் கூடவே வந்தது. இப்போது தினமும் பதினோரு மணி வரை அம்மா கருவிக்கு மேல் ஓர் அட்டையைச் சாய்த்து நிழல் கட்டுகிறார். மௌஸை எடுத்துக் கொடுத்தால், "கை ஈரம் தம்பி, அது வேணாம்" என்று தள்ளிவைக்கிறார்.