முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு கூடைப்பந்து நடுவராகலாமா?

கேள்வி: அண்ணே, எனக்கு வயது 34. பலதுறைத் தொழிற்கல்லூரி அணியில் பந்தை நடத்திச் செல்லும் பாயிண்ட் கார்டாக ஆடினேன். முட்டியில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்ததோடு ஆட்டம் நின்றுபோனது, 7 வருடமாகிறது. புளோக்குக்குக் கீழே பிள்ளைகள் பந்து தட்டும் சத்தம் கேட்டால் மனசு நிற்கமாட்டேன் என்கிறது. நடுவராகலாமா? முட்டி தாங்குமா? திட்டு வாங்கவேண்டியிருக்கும் என்கிறார்கள், அதை எப்படிச் சமாளிப்பது? சீனம் தெரியாத தமிழனுக்கு அங்கே இடமுண்டா? – ஈசூன் வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஆகலாம் தம்பி. முட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் கண்ணில் இருக்கிறது.

நானும் பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு விசிலை எடுத்தவன்தான், 26 வருடமாகிறது. ஆடிப் பழகிய கண் பந்து போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். முதல் வருடத்தில் ஓர் ஆட்டம். நான் வளையத்துக்குக் கீழே நிற்கிறேன். பந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஒரு பையன் கையில். அவன் டிரிபிளிங் அழகாக இருந்தது, ரசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டடி தள்ளி இன்னொரு பையன் வாயில் முழங்கை இடி வாங்கி ரத்தத்தோடு உட்கார்ந்துவிட்டான். மண்டபமே பார்த்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பயிற்றுநர் கத்தவில்லை. “சார், எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். இன்றுவரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

இரண்டு நடுவர் இருக்கும் ஆட்டத்தில் ஒருவர் லீட், வளையத்தின் அடியில். மற்றவர் டிரெயில், ஆட்டத்துக்குப் பின்னால். பந்து டிரெயிலின் பகுதியில் இருக்கும்போது லீட் அதைப் பார்க்கவே கூடாது. உள்ளே இடம் பிடிக்கத் தள்ளுகிறவர்கள், சட்டையைப் பிடிக்கிறவர்கள், எதிராளியின் வழியை மறித்து நிற்கும் ஸ்க்ரீன் போடும்போது இடுப்பை நீட்டுகிறவர்கள்தான் அவருடைய பொறுப்பு. இருவருமே பந்தைப் பார்த்தால் மற்ற எட்டுப் பேருக்குக் காவலே இல்லை. இதைப் பழக இன்றைக்கே தொடங்கலாம். ஏதாவது ஓர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் போட்டு, 10 நிமிடம் பந்தில்லாத ஆட்டக்காரர்களை மட்டும் பாருங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே கண் பந்துக்கு ஓடும். மறுபடி இழுத்து வாருங்கள். எனக்கு இது கைவர மூன்று வருடம் பிடித்தது.

அடுத்தது விதி. ஆடியதால் விதி தெரியும் என்று நினைக்காதீர்கள். நமக்குத் தெரிந்ததில் பாதி அமெரிக்காவின் என்பிஏ ஆட்டங்களைப் பார்த்துக் கற்றது. இங்கே ஆடுவதோ அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி. கால்பகுதி 12 நிமிடம் அல்ல, 10. ஆறாவது ஃபவுலில் அல்ல, ஐந்தாவதிலேயே வெளியே. டைம்-அவுட்டை ஆட்டக்காரர் கேட்க முடியாது. பயிற்றுநர், புள்ளியும் நேரமும் பதியும் மேசையில் கேட்கவேண்டும். எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், மேலே உருண்டுகொண்டிருந்தாலும் தடுப்பவர் பந்தைத் தட்டிவிடலாம். வளையத்தையோ வலையையோ தொடக்கூடாது. இந்த ஒன்றுக்காகவே பெற்றோர்களிடம் எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறேன் தெரியுமா!

இன்னொன்று, செங்குத்து விதி. தடுப்பவர் முறையாக இடம்பிடித்து, கையை நேரே உயர்த்தி, நேராகக் குதித்தால் அவர் தலைக்கு மேலுள்ள காற்றும் அவருடையதுதான். எறிபவர் அவர்மேல் போய் மோதி விழுந்தால் அது தடுப்பவரின் தவறு அல்ல. விழுந்தவருக்காக விசில் ஊதுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. முதலில் தடுப்பவரைப் பாருங்கள், அவர் ஏதாவது தப்பாகச் செய்தாரா என்று. ஃபீபா விதிப்புத்தகமும் விளக்க நூலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிந்திய பதிப்பைத்தான் படிக்கவேண்டும்.

இப்போது முட்டி. நடுவர் ஓர் ஆட்டத்தில் சில கிலோமீட்டர் ஓடுவார். ஆனால் உங்கள் முட்டிக்கு எதிரி தூரம் அல்ல, சட்டென்று நின்று திரும்புவதும் பின்னோக்கி ஓடுவதும்தான். பிசியோதெரபிஸ்ட்டிடம் “நடுவராகப் போகிறேன்” என்றே சொல்லி, பக்கவாட்டு நகர்வுக்கும் பின்னோட்டத்துக்கும் பயிற்சி கேளுங்கள். முதல் வருடம் புளோக்குக்குக் கீழேயுள்ள சிமெண்ட் தளத்தைத் தவிர்த்து, மரத்தளம் இருக்கும் உள்ளரங்கமாகப் பாருங்கள். அணிக்கு மூவர் ஆடும் 3x3 ஆட்டத்தில் அரைத்திடல்தான், 10 நிமிடம் அல்லது 21 புள்ளி, ஓட்டம் குறைவு. 2010ல் இளையர் ஒலிம்பிக்கில் அது அறிமுகமானது நம் ஊரில்தான். ஆனால் பந்தை எறிவதற்கான கெடுவைக் காட்டும் ஷாட் கிளாக் 12 நொடி, மோதலும் அதிகம். கால் பிழைக்கும், கண் திணறும். அதனால் அதில் தொடங்கவேண்டாம் என்பேன்.

மேசையில் தொடங்குங்கள். புள்ளிப் பதிவாளர், நேரக் கணக்காளர், ஷாட் கிளாக் இயக்குநர் என்று அங்கே வேலை உண்டு. வளையத்தில் பட்டுத் திரும்பிய தன் எறியைத் தாக்கும் அணியே பிடித்தால் ஷாட் கிளாக் 24 நொடிக்கு அல்ல, 14க்குப் போகவேண்டும் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால் ரத்தத்தில் ஊறும். வகுப்பும் தேர்வும் எப்போது என்பதைச் சிங்கப்பூர் கூடைப்பந்துச் சங்கத்திடம் கேளுங்கள். கிடைக்கும் படிக்காசை நம்பி வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விசில் வாங்கும்போது உள்ளே குண்டு இல்லாததாக வாங்குங்கள். கனடாவைச் சேர்ந்த ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கூடைப்பந்து நடுவர், ஒரு முக்கிய ஆட்டத்தில் குண்டு சிக்கி விசில் ஊதாமல் போனதால்தான் ஃபாக்ஸ் 40 விசிலை உருவாக்கினார், 1987ல் வெளிவந்தது. எந்த விசிலானாலும் வயிற்றிலிருந்து ஒரே ஊது. மெல்ல ஊதினால் உங்கள் சந்தேகம் கடைசி வரிசைவரை கேட்கும்.

திட்டு கட்டாயம் வரும். பயிற்றுநர் கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லுங்கள். கூச்சல் போட்டால் கேட்காததுபோல் இருங்கள். பார்க்கவில்லையென்றால் “நான் பார்க்கவில்லை” என்றே சொல்லுங்கள், காரணம் புனையாதீர்கள். எல்லை மீறினால், நடத்தைக்காகக் கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு, யாரும் தடுக்காமல் எறியும் ஒரு ஃப்ரீ த்ரோ. ஒரே ஆட்டக்காரர் இரண்டு வாங்கினால் ஆட்டத்தைவிட்டு வெளியே. அதைக் கோபத்தில் கொடுக்காதீர்கள், கை நடுங்கும். பார்க்கிறவர்களுக்கு அது தெரியும்.

சீனம் பற்றிக் கேட்டீர்கள். இங்கே கூடைப்பந்து பெரும்பாலும் சீனத்தில்தான் பேசும், உண்மை. “ஃபான் குய்” என்றால் ஃபவுல், “ஸோ பு” என்றால் டிராவலிங், பந்தைத் தட்டாமல் நடந்துவிடுவது. இந்த இரண்டோடுதான் நானும் நுழைந்தேன். தீர்ப்பு சொல்வது கைச்சைகை, அது எல்லா நாட்டுக்கும் ஒன்றே. ஆரம்பத்தில் என்னைப் பார்த்ததும் சில தாத்தாக்கள் முகம் சுளித்தார்கள். இரண்டு பருவம் கழித்து அதே ஆட்கள் எனக்குக் கோப்பி வாங்கி வைத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அந்த மூன்றாவது ஃபவுலைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள்.