லேபல் அழிந்த ஓர்கிட்டை என்ன பெயர் சொல்லி விற்பது?

கேள்வி: கல்லடியில் வீட்டு முற்றத்தில் ஓர்கிட் வளர்க்கிறேன். வாங்கும்போது இருந்த லேபல்களில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. ஊதாவும் வெள்ளையும் கலந்த ஒன்றை போனில் உள்ள செயலி 'டென்ட்ரோபியம் சோனியா' என்கிறது. செம்மஞ்சளில் புள்ளி விழுந்த இன்னொன்றின் பெயரே தெரியவில்லை. பிரித்த கன்றுகளை விற்கும்போது என்ன பெயர் சொல்வது? ஊதாப் பூவில் வெள்ளை டென்ட்ரோபியத்தின் மகரந்தத்தை வைத்துக் காய் பிடித்திருக்கிறது, அதில் வரும் செடிக்கு மகளின் பெயரை வைக்கலாமா?

பதில்: சோனியா என்று எழுதி விற்காதீர்கள் தங்கச்சி. கலப்பு ஓர்கிட்டின் பெயர் நிறத்தைப் பார்த்து வைப்பதில்லை, எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தது என்பதை வைத்துத்தான். சீசர், டோமி டிரேக் என்ற இரண்டு டென்ட்ரோபியங்களைச் சேர்த்ததில் முளைத்த எல்லாமே சோனியாதான், வெளிறிப் பூத்தாலும் சரி, அடர்த்தியாகப் பூத்தாலும் சரி. ஆனால் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கிற வேறு கலப்புகளும் ஏராளம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணே தடுமாறும். செயலிக்குத் தெரிவது பூ மட்டும்தான், பெற்றோர் தெரியாது. வாங்கிய இடத்தில் பில்லோ, லேபல் தெரிகிற பழைய படமோ இருந்தால் பெயர் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் போனது போனதுதான்.

ஆனால் என்ன சாதி ஓர்கிட் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஊதாப் பூவைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், கீழே மற்றவற்றிலிருந்து வேறாகத் தெரிகிற உதட்டிதழுக்கு அடியில் பின்பக்கமாக முகத்து நாடி போல ஒரு கூர் நீட்டிக்கொண்டிருக்கும். பூவின் நடுத்தூண் நுனியில் சின்னத் தொப்பி ஒன்று இருக்கும், பல்குத்தும் குச்சியால் மெதுவாக நெம்பினால் உள்ளே 4 மகரந்தக் கட்டிகள், காம்பு எதுவும் இல்லாமல். தண்டும் கணுக்கணுவாகத் தடித்திருந்தால் அது டென்ட்ரோபியம், சந்தேகமே வேண்டாம். செம்மஞ்சள் பூவிலும் இதையே செய்யுங்கள். 2 கட்டிகள் ஒரு சின்னக் காம்போடும் பசையுள்ள அடியோடும் குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் அது வண்டா என்ற ஓர்கிட் சாதியின் கூட்டமாக இருக்கலாம். தண்டு மேல்நோக்கியே வளர்ந்து, இலைகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்து, பூ நட்சத்திரமாக விரிந்தால் பெரும்பாலும் மொக்காரா. அரக்னிஸ், அஸ்கோசென்ட்ரம், வண்டா என்ற மூன்று சாதிகளும் சேர்ந்து 1969இல் சிங்கப்பூரில் உருவான கலப்பு அது. அஸ்கோசென்ட்ரத்தைப் பிறகு வண்டா சாதிக்குள்ளேயே அடக்கிவிட்டதால் ஓர்கிட் கலப்புகளின் பதிவேட்டில் இப்போது, அரக்னிஸும் வண்டாவும் சேர்ந்த கலப்பின் பெயரான அராண்டா என்று இருக்கும், கடைகளில் இன்னும் மொக்காராதான். குழம்ப வேண்டாம்.

அப்ப விற்கும்போது 'டென்ட்ரோபியம் கலப்பு, ஊதா வெள்ளை, பெயர் தெரியாது' என்று எழுதி, பூவின் படத்தையும் காட்டுங்கள். பூவைப் பார்த்து வாங்குகிறவருக்கு அது போதும். பொய்ப் பெயரோடு போன கன்றை நாளைக்கு ஒருவர் கலப்புக்கு எடுத்தால் அதற்குப் பிறகு வருகிற தலைமுறை முழுக்கப் பிழையான பெற்றோர் பெயரில் போகும், அதுதான் எனக்குக் கவலை.

மகளின் பெயரை வீட்டில் கூப்பிட யாரும் தடுக்க முடியாது. பதிவு செய்ய முடியாது. 1961இலிருந்து லண்டனில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கம்தான் ஓர்கிட் கலப்புகளின் பதிவேட்டைப் பேணுகிறது, பெற்றோர் இரண்டின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும், பிறந்த செடி ஒருமுறையாவது பூத்திருக்கவும் வேண்டும். உங்கள் ஊதாவுக்குத்தான் பெயரே இல்லையே. உண்மையாகவே ஆசை இருந்தால் லேபலோடு உள்ள இரண்டு செடிகளை வாங்கி அவற்றைச் சேருங்கள், ஆனால் அந்தச் சோடியை யாராவது ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று முதலில் இணையத்தில் பாருங்கள். தாயையும் தகப்பனையும் மாற்றிச் சேர்த்தாலும் பெயர் ஒன்றுதான். விதை தூசி மாதிரி, உள்ளே உணவு கிடையாது, ஆய்வுகூடப் போத்தலில்தான் முளைக்க வைக்க வேண்டும், பூக்க 2, 3 வருடமாவது போகும்.

மற்றபடி, இன்றைக்கே எல்லாச் சாடிக்கும் புது லேபல் போடுங்கள், பென்சிலால். மார்க்கர் மை நம்மூர் வெயிலுக்கு நிற்காது, பென்சில் எழுத்து நிற்கும். ஒன்றைச் சாடிக்குள் கரிக்கடியில் செருகி, இன்னொன்றைத் தண்டில் கட்டி, கொப்பியிலும் எழுதி வையுங்கள்.