மும்பை மின்சாரமும் நாட்டின் எரிபொருளும்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

மாட்டுங்கா வாசகர்: சார், மும்பைக்கு மின்சாரம் எங்கிருந்துதான் வருகிறது?

பல இடங்களிலிருந்து வருகிறது. பழைய வழி மலையில் பெய்யும் மழைதான். 1915இல் கோப்போலியில் டாடாவின் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. லோனாவ்லா பக்கத்து ஏரித் தண்ணீர் 500 மீட்டருக்கு மேல் குழாயில் இறங்கி டர்பைனைச் சுழற்ற, இங்கே மில்கள் ஓடின. அப்புறம் பிவ்புரி, பீரா நிலையங்கள் வந்தன. பீராவுக்கு வரும் முள்ஷி ஏரித் தண்ணீர் தானாக ஓடியிருந்தால் கிழக்கே போய் கிருஷ்ணாவில் கலந்து வங்கக் கடலைச் சேர்ந்திருக்கும், அணை கட்டி மேற்கே திருப்பிவிட்டார்கள். அந்த அணைக்காக நிலம் பறிபோன விவசாயிகள் 1921இல் விடுதலைப் போராட்ட வீரர் சேனாபதி பாபட்டோடு சேர்ந்து சத்தியாகிரகம் செய்தார்கள். நம் வீட்டு ஃபேன் சுற்றுவதில் அவர்கள் நிலமும் இருக்கிறது, இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

செம்பூர்க்காரர்கள் தினமும் பார்க்கும் ட்ராம்பே அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது.

டோம்பிவிலி வாசகர்: நிலக்கரிதான் இங்கேயே கொட்டிக் கிடக்கிறதே அண்ணா, வெளியே ஏன் வாங்க வேண்டும்?

கிடக்கிறது, ஆனால் பெரும்பகுதி ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம். நம் மகாராஷ்டிராவில் என்றால் சந்திரபூர் வட்டாரம். நம் கரியில் சாம்பலும் அதிகம், பல சுரங்கங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதாவது கிழக்கிலிருந்து மூன்று வேகன் கரி ஏற்றி வந்தால் அதில் ஒரு வேகன் வெறும் சாம்பல்! இரும்பு உருக்கும் நல்ல கோக்கிங் கரி கிடைப்பது முக்கியமாக ஜார்க்கண்டின் ஜரியாவில். அங்கே 1916இலிருந்து பூமிக்கடியில் தீ எரிகிறது, தரை வெடித்துப் புகை வருகிறது, அதற்கு மேலேயே மக்கள் குடியிருக்கிறார்கள். கரி விலையைப் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

தாராவி, கல்லூரி மாணவி: பாம்பே ஹை எண்ணெய் மும்பையிலா கிடைக்கிறது?

இல்லைம்மா, கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில். 1974இல் ‘சாகர் சாம்ராட்’ என்ற கடல் துளையிடும் மேடை கண்டுபிடித்தது, 1976இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து கடலடிக் குழாய் வழியாக மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள உரணுக்கு வருகிறது. ஆனாலும் நாடு எரிக்கும் கச்சா எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான்.

முலுண்ட் வாசகர்: எங்கள் ஊர், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறதே, அதை வைத்தே மின்சாரம் எடுக்கலாமே?

இருக்கிறது, மோனசைட் என்ற தாது கலந்த மணலில். ஆனால் தோரியத்தை நேராக அணு உலையில் போட்டால் எரியாது, முதலில் அதை உலையில் எரியக்கூடிய யுரேனியம்-233 ஆக மாற்ற வேண்டும். அணு விஞ்ஞானி ஹோமி பாபா மூன்று கட்டத் திட்டம் போட்டதே இதற்காகத்தான். தோரியம் அதில் மூன்றாவது கட்டம், நாம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அதுவரை உங்கள் மாவட்டத்தில் உடனே கைக்கு வருவது ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றுதான், தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அங்கே காற்றாலைகள் நன்றாகச் சுற்றும்.