புது ரோட்டை ஏன் மறுநாளே தோண்டுகிறார்கள்? கேளுங்கள், சொல்கிறேன்

சென்னையில் ரோடு வேலையில் 31 வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ரோடு வெட்டு, ஒட்டு, போக்குவரத்து மாற்றம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். டெண்டரில் யாருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்ல ஊரில் வேறு ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கொளத்தூரிலிருந்து: போன மாதம் எங்கள் தெருவில் தார் ரோடு போட்டார்கள். இந்த மாதம் குடிநீர்க் குழாய்க்கு வெட்டுகிறார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்களா?

பேசுகிறார்கள் சார், மாதா மாதம் பேசுகிறார்கள். சேவைத் துறைகள் ஒருங்கிணைப்புக் கூட்டம் என்று பெயர். மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம், போக்குவரத்துக் காவல், தொலைபேசிக் கம்பெனிகள், இப்போது மெட்ரோ ரயிலும் சேர்ந்து உட்காருவார்கள். டீயும் பிஸ்கட்டும் வரும். சிக்கல் வேறு இடத்தில்.

ஒரு தெருவுக்கு வேலை வரிசை என்று ஒன்று உண்டு. முதலில் கழிவுநீர்க் குழாய். அதுதான் ஆழம், அதோடு தானாக ஓட வேண்டியது, சரிவை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அடுத்து குடிநீர், ஓரத்தில் மழைநீர் வடிகால், அப்புறம் கேபிள்கள், எல்லாவற்றுக்கும் மேலே ரோடு. இது பொறியியல் படிக்காதவனுக்கும் புரியும். ஆனால் ஐந்து வேலைக்கும் ஐந்து கஜானா. ரோட்டுக்கான பணம் மார்ச்சுக்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும், குழாய்க்கான டெண்டர் ஜூனில்தான் முடியும். கையில் பணம் வைத்திருக்கும் இன்ஜினியர் குழாய்க்காகக் காத்திருப்பாரா? போட்டுவிடுவார். நானும் போட்டிருக்கிறேன், ஒளிப்பானேன்.

இதற்கு மேல் மழை. வடகிழக்குப் பருவமழைக்காக வருடா வருடம் செப்டம்பர் கடைசி வாக்கில் ரோடு வெட்ட அனுமதியை நிறுத்திவிடுவார்கள், அவசர வேலை தவிர. நல்ல விதிதான். ஆனால் கதவு மூடப்போகிறது என்று தெரிந்ததும் எல்லாரும் ஆகஸ்டிலேயே கடப்பாரையோடு வந்து நிற்பார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெரு இரண்டும் ஒரே வாரத்தில் அடைபடுவது பெரும்பாலும் இதனால்தான்.

உங்கள் தெருவில் உண்மையில் நடந்தது இதைவிடச் சின்ன விஷயமாகக்கூட இருக்கலாம். மெயின் குழாய் எப்போதோ போட்டாயிற்று, வீட்டு இணைப்பு வாங்காதவர்கள் புது ரோட்டைப் பார்த்த பிறகு மனுப் போடுகிறார்கள். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தெருவில் ரோடு போடப்போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றே உங்கள் வீட்டுத் தண்ணீர், கழிவுநீர் இணைப்புக்கு மனுப் போடுங்கள்.

வளசரவாக்கத்திலிருந்து: எங்கள் தெருவில் எப்போது ரோடு போடுவார்கள்?

மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் செய்யுங்கள். நான் ஜோசியன் இல்லை.

தாம்பரத்திலிருந்து: ஜிஎஸ்டி ரோட்டில் பாலத்துக்குப் பக்கத்தில் பள்ளம், மாநகராட்சி கண்டுகொள்வதில்லை.

அது தேசிய நெடுஞ்சாலை, எந்த மாநகராட்சியும் தொட முடியாது. சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் பேருந்து ஓடும் சாலைகள் சுமார் 387 கி.மீ., உட்தெருக்கள் சுமார் 5,270 கி.மீ. மற்ற பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறை வசம். புகார் கொடுக்கும் முன் ரோடு யாருடையது என்று கேட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

பெரம்பூரிலிருந்து: பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பத்து நாளாக அப்படியே கிடக்கிறது. மேன்ஹோல் மூடி எல்லாம் துருத்திக்கொண்டு நிற்கிறது. எதற்கு இந்தச் சுரண்டல்?

சுரண்டுவது நல்லதற்குத்தான். முன்பெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு. இருபது வருடத்தில் வீடு கீழே போய் ரோடு மேலே வந்து, மழை பெய்தால் தண்ணீர் நேராகக் கூடத்துக்குள் வரும். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேல்தளம் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். சுரண்டிவிட்டுப் பத்து நாள் விடுவதுதான் தப்பு. சுரண்டும் மெஷின் ஒருவரிடம், தார் பிளான்ட் இன்னொருவரிடம், இரண்டும் ஒரே வாரத்தில் கிடைக்காது என்பார்கள். வார்டு உதவிப் பொறியாளரிடம், அதாவது ஏஇயிடம், போட்டோவோடு போய் நில்லுங்கள். அதுவரை இரவில் அந்தப் பக்கம் வண்டியை விடாதீர்கள்.

ராயப்பேட்டையிலிருந்து: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரோடு போட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறார்களே?

பகலில் தார் லாரி நெரிசலில் மாட்டினால் கலவை ஆறிவிடும். ஆறிய கலவையைப் போட்டால் மூன்று மாதத்தில் பெயர்ந்துவிடும். ஒரு ராத்திரி பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

மடிப்பாக்கத்திலிருந்து: ஜப்பானில் இருப்பது போல எல்லாக் குழாயையும் ஒரே சுரங்கத்தில் வைத்துவிட்டால் தோண்டவே வேண்டாமே!

வந்துவிட்டதா! இந்தக் கேள்வி வரவில்லையே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பானில் இதற்கென்று 1963-லேயே சட்டம் போட்டார்கள், அதுவும் பெரிய சாலைகளுக்கு. காலி மனையில் புது ஊர் கட்டினால் செய்யலாம், குஜராத்தில் கிஃப்ட் சிட்டியில் செய்திருக்கிறார்கள். மடிப்பாக்கத்தில் இருபது அடித் தெரு, இரண்டு பக்கமும் வீட்டுப் படி, நடுவில் ஏற்கெனவே மூன்று குழாய். சுரங்கத்தை எங்கே வைப்பீர்கள், உங்கள் சமையலறைக்குக் கீழேயா?

பெங்களூரிலிருந்து: அப்படி ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். இங்கே ரெசிடென்சி ரோட்டில் ‘டெண்டர் ஷூர்’ என்ற சாலைச் சீரமைப்புத் திட்டத்தில் நடைபாதைக்குக் கீழே கேபிளுக்குத் தனிக் குழாய் விட்டார்கள். ரோட்டைத் தொட வேண்டிய தேவையே குறைந்துவிட்டது.

ஒப்புக்கொள்கிறேன். அது சுரங்கம் இல்லை, காலிக் குழாய்களைப் புதைத்து வைப்பது. அகல நடைபாதை இருக்கும் ரோட்டில் கேபிளுக்குச் சரியான வழி. கழிவுநீருக்கு அது ஆகாது.

லண்டனிலிருந்து: இங்கே 2012 முதல் முக்கியச் சாலைகளில் நெரிசல் நேரத்தில் தோண்டினால் நாள் வாடகை, ஒரு நாளைக்கு 2,500 பவுண்டு வரை. கம்பெனிகள் அலறிக்கொண்டு ராத்திரியில் முடித்துவிட்டுப் போகின்றன. சென்னையில் ஏன் கூடாது?

நம் ஊரில் வெட்டும் அளவுக்குத்தான் கட்டணம், ரோட்டைச் சீர் செய்யும் செலவு என்று. இரண்டு நாளில் மூடினாலும் இருபது நாள் திறந்து போட்டாலும் அதே பணம். நாள் வாடகை வர வேண்டும் என்று எனக்கும் ரொம்ப நாள் ஆசை.

ஒரு காண்டிராக்டர்: சார், நானும் பள்ளம் வெட்டுபவன்தான். நாள் வாடகை போட்டால் என் ஆட்கள் மண்ணைக் கொட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். இப்போதே அந்த லட்சணம்தான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக உங்களுக்குச் சாப்பாடு வாங்கித் தரலாம். வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பள்ளத்தை அரை அடி அரை அடியாக நிரப்பி, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இடிக்க வேண்டும். நடப்பது என்ன? ஜேசிபி மொத்த மண்ணையும் ஒரே தள்ளாகத் தள்ளி, பக்கெட்டால் நான்கு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடும். முதல் மழையில் அப்பளம் போல உள்வாங்கும்.

ஒரு தடவை இப்படி மூடின பள்ளத்தில் தண்ணீர் லாரியின் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. காலை எட்டரை மணி, பள்ளிக்கூட நேரம். லாரியைத் தூக்க கிரேன் வர வேண்டும், கிரேன் வர ரோடு இல்லை. கடைசியில் பக்கத்துக் கட்டட வேலை ஆட்கள் பலகை கொடுத்து, டாங்க் தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டு, பதினொன்றரைக்குத்தான் ஏற்ற முடிந்தது. மூடி முடித்ததாகச் சொன்ன தாளில் இருந்தது என் கையெழுத்து. மூடும்போது நான் அங்கே இல்லை.

அதனால் நாள் வாடகையோடு இன்னொன்றும் வேண்டும்: மூடிய இடம் ஒரு மழைக்காலம் தாங்கும் வரை காண்டிராக்டர் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தரக் கூடாது. வெட்டி மூடிய தடத்தில் கார் நிறுத்தாதீர்கள், ஒரு மழை போகட்டும்.

காண்டிராக்டர் மறுபடியும்: முன்பணத்தைப் பிடியுங்கள், சரி. ஆனால் வெட்ட அனுமதி ஒரு ஆபீசில், போக்குவரத்துப் போலீஸ் அனுமதி இன்னொரு ஆபீசில். இரண்டாவது வருவதற்குள் முதலாவதன் தேதி முடிந்துவிடுகிறது. அந்த நாட்களுக்கும் நான்தான் வாடகை கட்ட வேண்டுமா?

நியாயம். இரண்டு அனுமதியும் ஒரே மனுவில், ஒரே தேதியில் வர வேண்டும். அது வராமல் வாடகை கேட்பது அநியாயம். விட்டுக்கொடுத்துவிட்டேன், போதுமா?

அடையாறிலிருந்து: தோண்டும்போது இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். கீழே என்ன இருக்கிறது என்று வரைபடம் கிடையாதா?

தோண்டும் முன் கேபிள்காரர்களுக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு ஓர் ஆப் விட்டது. நல்லது, எல்லாரும் பயன்படுத்தட்டும். ஆனால் பழைய தெருக்களில் வரைபடத்தை நம்பி ஜேசிபியை இறக்கினால் போச்சு. முதலில் கையால் ஒரு சோதனைக் குழி எடுக்க வேண்டும். வரைபடத்தில் இடது ஓரம் என்று போட்டிருந்த ஒரு வார்ப்பிரும்புக் குழாயைத் தேடியபோது, வால்வு திருப்பும் பெரியவர் ஒருவர் செருப்புக் காலால் தரையைத் தட்டி, “இங்க வெட்டு” என்று வலது ஓரத்தில் வேப்பமரத்தடியைக் காட்டினார். அங்கேதான் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற அன்றைக்கு ஒரு வரைபடமே வீட்டுக்குப் போன மாதிரி.

அம்பத்தூரிலிருந்து: எங்கள் தெருவில் ரோடு எப்போது...

மேலே பாருங்கள். 1913.

வியாசர்பாடியிலிருந்து: நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன் ஐயா. நாளைக்குக் காலையில் எங்கள் தெருவில் தார் போடுகிறார்கள், எங்கள் வீட்டுக்குக் கழிவுநீர் இணைப்பு இன்னும் இல்லை.

படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே! மனு கொடுத்த ரசீது இருந்தால் எடுத்துக்கொண்டு இப்போதே ஏஇயிடம் ஓடுங்கள். இணைப்பு அப்புறம் கொடுக்கட்டும், மெயினிலிருந்து வாசல் வரை குழாயை மட்டும் இன்றைக்கே போட்டு முனையை அடைத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், உங்கள் வாசல் முன் தார் போடுவதையாவது நான்கு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். மனுவே போடவில்லையா? அப்படியானால் அதைச் சொல்லிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.